சக்கரத்தடியில் எடுத்த படம்

எங்கள் வீட்டு ஹாலில் மனிதர்களின் படம் எதுவும் தொங்காது. அத்தா, அதாவது என் அப்பா, இருந்தவரை மாட்டவிட்டதில்லை. அவர் போன பிறகு அம்மா அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார். உருவப் படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார்கள், அதாவது வானவர்கள், காலடி வைக்க மாட்டார்கள் என்று அம்மாவுக்கு உறுதியான நம்பிக்கை. உத்தமபாளையத்தில் எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் இப்படி இல்லை. என் தங்கை வீட்டில் அவளும் மச்சானும் தாஜ்மகாலுக்கு முன்னால் நிற்கிற படம் கதவு அகலத்துக்கு இருக்கிறது. அம்மா அங்கே போனால் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். எங்கள் வீட்டில் பூ, மலை, பள்ளிவாசல் போட்ட காலண்டர், இவ்வளவுக்குத்தான் அனுமதி. பிற்பாடு அந்த வரிசையில் பழைய போர் விமானங்களும் சேர்ந்துகொண்டன.

விமானத்துக்கு உயிரும் இல்லை, முகமும் இல்லை என்பதால் அம்மாவால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. "இதெல்லாம் குண்டு போட்டதாப்பா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். "சிலது போட்டிருக்கும்மா" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

நான் உரக்கடைக்காரன். திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் என்ன அடிப்பது, நெல்லுக்குத் துத்தநாகம் எப்போது போடுவது என்று கேட்டு வருகிறவர்களோடு என் பகல் கழிகிறது. இப்படிப்பட்டவனுக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். கம்பெனிக்காரர்களைக் கேளுங்கள் என்பதுதான் என் பதில். விற்பனை இலக்கைத் தொட்ட டீலர்களைப் பூச்சிமருந்துக் கம்பெனிகள் டூர் கூட்டிப்போகும். அப்படித்தான் முதல் தடவை கோவா போனேன். மற்ற டீலர்கள் கோவாவுக்கு எதற்குப் போவார்களோ அதற்குப் போனார்கள். நான் குடிப்பதில்லை, கடலில் இறங்கவும் பயம். ஓட்டல் வரவேற்பறையில் இருந்தவரிடம் வேறென்ன பார்க்கலாம் என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு விமான மியூசியம் இருக்கிறது, யாரும் போக மாட்டார்கள் என்றார். யாரும் போக மாட்டார்கள் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது.

அங்கே திறந்தவெளியில், புல்தரையில், கடற்படையின் பழைய விமானங்கள் நின்றன. ஒன்று இறக்கையை மடித்துவைத்திருந்தது. கப்பலில் இடத்தை அடைக்காமல் இருப்பதற்காம். உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்து, உரிந்த இடத்தில் அதற்கு முந்தைய பெயின்ட் தெரிந்தது. டயர்களில் காற்று இல்லை, அதனால் அச்சுக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். போனில்தான் எடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் மின்கம்பம், குப்பைத் தொட்டி, யாரோ ஒருவருடைய பிளாஸ்டிக் பை. நேரில் பார்த்தபோது இவை எதுவும் என் கண்ணில் படவே இல்லை. மறுநாள் காலை பஸ் கிளம்புவதற்குள் திரும்பவும் போய் எடுத்தேன். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இது.

பிறகு மதுரையில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். டீலர் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் அந்த ஊரில் பழைய விமானம் எங்கே நிற்கிறது என்று முதலில் விசாரித்துவிடுவேன். டில்லியில் ஒரு கொட்டகைக்குள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு விமானத்தை முழுதாக எடுக்க அங்கே வழியே கிடையாது, மூக்கைத் தனியாக, வாலைத் தனியாக எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். சில ஊர்களில் நாற்சந்தியில் கம்பத்தின் மேல் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கரும்புச்சாறு வண்டி நிற்கும். உச்சி வெயிலில் எடுத்தால் வயிற்றுப் பகுதி கறுப்பாக விழுந்துவிடும், காலை வெயில் சாய்வாக அடிக்கும்போதுதான் தகட்டில் அடித்த ஆணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். காற்றை உள்ளே இழுக்கிற வாயில் புறா புகாமல் வலை அடித்திருப்பார்கள், வலைக்குப் பின்னால் புறா இருக்கும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. படம் வீணாகி வீணாகித் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். நான் எடுக்கிற படத்தில் ஆள் இருக்கக் கூடாது. அம்மாவின் சட்டம் ஒரு காரணம் என்றாலும் உள்ளபடியே எனக்கும் அதுதான் வசதி. கடையில் காலையிலிருந்து பொழுது சாய மனித முகத்தைத்தான் பார்க்கிறேன், லீவு நாளிலும் அதையே பார்ப்பானேன். ஆனால் மியூசியத்துக்கு வருகிறவர்கள் விமானத்தைப் பார்க்க வருவதில்லை, விமானத்தோடு தங்களைப் பார்க்க வருகிறார்கள். ஒரு குடும்பம் வந்தால் முதலில் பிள்ளைகள், பிறகு பெண்கள், பிறகு எல்லோரும், கடைசியில் போன் பிடித்தவருக்கு ஒரு படம். அதுவரை நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். சில நேரம் என்னையே கூப்பிட்டு, "சார், ஒரு போட்டோ எடுத்துத் தாங்க" என்று போனைக் கையில் கொடுப்பார்கள். எடுத்துத் தருவேன். எடுத்துத் தந்தால் சீக்கிரம் போய்விடுவார்கள்.

ஊரில் கிண்டலுக்குக் குறைவில்லை. "பாய், பறக்காத பிளேனப் படம் எடுக்குறதுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் ஒண்ணு வாங்கிப் போட்டா நாலு காசு பாக்கலாம்ல" என்று வாடிக்கையாளர்கள் எனக்கு யோசனை சொல்வார்கள். கிண்டல் பண்ணாமல் என் படங்களை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் அடுத்த தெரு மாமா.

அவர் எனக்குச் சொந்தம் இல்லை, எங்கள் மதமும் இல்லை. எங்கள் பக்கத்தில் அவர்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் மாமன் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். விமானப்படையில் இருபது வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, வந்து திராட்சைத் தோட்டம் போட்டவர். ஊரில் அவரை மிலிட்டரிக்காரர் என்பார்கள். "மிலிட்டரி இல்ல, ஏர்ஃபோர்ஸ்" என்று திருத்துவார். "அப்ப பிளேன் ஓட்டுனீகளா?" என்று கேட்டால், "ஓட்டல. சக்கரம் பாத்தேன்" என்பார். டீக்கடையில் இதைக் கேட்டு, "பிளேனுக்குப் பஞ்சர் ஒட்டுனவரு" என்று பேர் வைத்தார்கள். அதற்கு அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பைலட் என்று சொன்னால்தான் கோபம் வரும்.

ஒருநாள் மருந்து வாங்க வந்தவர் கேமராவில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பெங்களூரில் எடுத்த ஒரு படத்தில் நின்றுவிட்டார். நேட் என்று ஒரு சின்னப் போர் விமானம். கொசு மாதிரியான ஒரு பூச்சியின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கிறார்கள். நெட்டையான ஆள் பக்கத்தில் நின்றால் பைலட்டின் கண்ணாடிக் கூண்டைக் கையால் தொட்டுவிடலாம், அவ்வளவுதான் உயரம்.

"இதுல தான் மாப்ளே இருந்தேன்" என்றார். "சக்கரத்தக் கொஞ்சமா இறக்குனா அதான் இதுக்குப் பிரேக்கு. வானத்துலயே பிரேக்குப் போடும்."

"அப்ப எடுத்த போட்டோ இருக்கா மாமா?"

"எங்கிட்டு? கேட்டுக்குள்ள கேமராவே விட மாட்டாக. பாத்தா கோர்ட் மார்ஷல்தான். ஒரு குரூப் போட்டோ இருக்கு, பின்னால செங்கச் சொவரு. அதக் காட்டுனா செங்கச் சூளைல வேலை பாத்தேன்னு நெனைப்பாக."

அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் திரும்ப வந்தார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, யூரியா மூட்டை மேல் உட்கார்ந்தார். மதுரையில் டாக்டர் பார்த்திருக்கிறார், இருதயத்தில் வால்வு ஒன்று சரியில்லை, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும், தேதியும் கொடுத்துவிட்டார்கள். இதைத் தோட்டத்து மோட்டாரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, வந்த விஷயத்துக்கு வந்தார்.

"எங்க அண்ணன் செத்தப்ப வீட்டுல ஒரு படம் இல்ல மாப்ளே. கார்டுல இருந்த போட்டோவப் பெருசு பண்ணி மாலை போட்டுட்டாக. கண்ணு ரெண்டும் வெளிய தெறிக்கிற மாதிரி முழிச்சுக்கிட்டு, களவாண்டு மாட்டுனவன் மாதிரி இருக்கான். எத்தன வருசமா அவன அப்படியே பாத்துக்கிட்டு இருக்கோம். எனக்கு அது வேணாம். நான் போனா எங்க வீட்டுச் சொவத்துல மாட்டறதுக்கு ஒரு படம் வேணும். பிளேனோட இருக்கணும். நீ எடுத்துக் குடு."

"ஆபரேசன் முடிஞ்சு நல்லா வந்திருவீக மாமா."

"வந்துட்டா கழட்டி வச்சிருவோம். இப்ப எடுத்துக் குடு."

அவர்கள் வீடுகளில் இறந்தவர் படம்தான் இறந்தவர். காலையில் அதற்குப் பூ வைப்பார்கள், நல்லது கெட்டது என்றால் அதன் முன்னால்தான் முதலில் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகையை அதன் கீழே வைப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்க வேண்டும். அதனால் மாமா கேட்டதன் கனம் எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், ஆள் இல்லாமல் படம் எடுக்கிறவன் என்ற என் பவிசை ஓரமாக வைத்துவிட்டுச் சரி என்றேன்.

பக்கத்து ஊரான கம்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகிற பஸ்ஸில் போனோம். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அவர் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைத் தனியாக ஒரு பையில் மடித்துக் கொடுத்திருந்தார். "சட்டைய அங்கன போயித்தான் மாத்தணும், பஸ்ஸுல போட்டுக் கசக்கிராதீக" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.  வழியெல்லாம் மாமா மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

மியூசியம் திறக்கும்போதே போய்விட்டோம். நேட் திறந்தவெளியில், ஒரு மரத்துக்குப் பக்கத்தில் நின்றது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சங்கிலி. மாமா கழிப்பறைக்குப் போய் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். சங்கிலிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. "டயர் வேற எதுலயோ இருந்து கழட்டிப் போட்டுருக்காக" என்றார்.

சங்கிலிக்குள் போக அனுமதி வேண்டும். காவலுக்கு இருந்தவர் முடியாது என்று கையை ஆட்டினார். பொறுப்பாளரைப் பார்த்தோம். அவரும் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். மாமா தன் ஓய்வூதிய அட்டையைக் காட்டி இந்தியில் பேச ஆரம்பித்தார். அவர் இந்தி பேசி நான் கேட்டதே இல்லை. குரல் உயர்ந்தது, முதுகு நிமிர்ந்தது, பேச்சுக்கு நடுவே சிரிப்பு வேறு. திராட்சைக்கு மருந்து கேட்டு வருகிற மனிதர் எங்கேயோ போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பொறுப்பாளர் வந்து சங்கிலிக் கொக்கியைத் தன் கையாலேயே கழற்றிவிட்டார்.

விமானத்தின் மூக்குக்குப் பக்கத்தில் மாமாவை நிறுத்தினேன். இடது கையை மூக்கின் மேல் வைக்கச் சொன்னேன், மோவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். காலை வெயில் நான் கேட்டபடியே விழுந்தது. பின்னால் கம்பம் இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. சுவரில் மாட்ட இதைவிட நல்ல படம் யாருக்கும் கிடைக்காது. எடுத்துக்கொண்டே போனேன். அவர் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. பார்வை நழுவிச் சக்கரத்தின் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அதட்டி அதட்டித்தான் பார்க்க வைத்தேன்.

எடுத்ததைக் காட்டினேன். கேமராவை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும், "எல்லாத்தையும் அழிச்சிரு" என்றார்.

"ஏன் மாமா, நல்லா இருக்கே?"

"கல்யாண வீட்டுல மொய்யி வைக்க வந்தவன் மாதிரி நிக்கிறேன். நான் அங்கன நின்னதே இல்ல மாப்ளே. அங்கன பைலட்டு நிப்பாக."

"இப்ப யாரு மாமா அதப் பாக்கப் போறா?"

"நான் பாக்கேன்ல? சொவத்துல காலத்துக்கும் நிக்கப் போறது நான்தான? அழி."

அழித்தேன். அவர் பக்கத்திலேயே நின்று, அழிகிறதா என்று பார்த்துக்கொண்டார். எனக்கு எரிச்சல்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வாசலில் பள்ளிக்கூட பஸ் வந்து நின்றுவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த இடம் முழுக்கப் பிள்ளைகள்.

மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். செருப்போடு மண்டி போட்டால் கால் மடங்காது என்றார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேண்ட் என்பதால் முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இறக்கைக்கு அடியில் குனிந்து போய், இருந்த கொஞ்ச உயரத்தில் மண்டியிட்டு, தலையையும் இரண்டு கையையும் சக்கரம் மடங்கி உள்ளே போகிற குழிக்குள் விட்டார். இடுப்புக்கு மேலே ஆளே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. வால்வு சரியில்லாத மனிதர், இப்படிக் குனியலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை. "மாமா" என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இங்கன தான் மாப்ளே நம்ம எடம். அவுக மேல ஏறுறப்ப நம்ம அடியில இருப்போம். பைலட்டு மூஞ்சியப் பாத்ததவிட பூட்ஸப் பாத்ததுதான் அதிகம். ம், எடு."

எடுத்தேன். படத்தில் ஒரு டயர், சக்கரத்தைத் தாங்குகிற கால், வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பாதி, கேமராவைப் பார்த்தபடி இரண்டு உள்ளங்கால்கள். குதிகாலில் சுற்றிவர வெடிப்பு. ஒரு பெருவிரல் நகம், மோட்டார் விழுந்து கறுத்துப்போனது, ஓரமாகத் தெரிந்தது. ஆளே இல்லாமல் எடுத்துப் பழகியவன் கடைசியில் ஒரு ஆளை எடுத்தேன், அதிலும் ஆளுக்கு முகம் இல்லை.

வெளியே வந்தபோது மூச்சு வாங்கியது. சட்டை முதுகில் ஒட்டடை. "உள்ள ஒண்ணுமே இல்ல மாப்ளே. குழாய், ஒயரு எல்லாத்தையும் உருவிட்டாக. குளவிதான் கூடு கட்டியிருக்கு" என்றார். படத்தைக் காட்டினேன். இந்த முறை நிறைய நேரம் பார்த்தார்.

"ஆங். இதான்."

"மூஞ்சி இல்லையே மாமா. இத எப்படிச் சொவத்துல மாட்டுவாக?"

"வேலை பாக்குறப்ப மூஞ்சி எப்படித் தெரியும்? பெருசா பிரிண்ட் போட்டு வையி. ஆபரேசன் முடிஞ்சு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் வீட்டுல காட்டாத."

ஊருக்கு வந்ததும் அத்தை சட்டையைப் பார்த்துவிட்டுத் திட்டியது தெருமுனை வரைக்கும் கேட்டது. படம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, நல்லா வந்திருக்கு என்பதோடு மாமா நிறுத்திக்கொண்டார்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கும் வந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது, "பிரிண்ட் வந்துருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். மதுரையில் கொடுத்திருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும் என்றேன். வந்தது. ஆனால் அதற்கு முந்தின நாள் முற்பகலில், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். கடையில் இருந்த எனக்குப் போன் வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அத்தாவுக்கு நான் அப்படி அழவில்லை.

மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வந்து இறங்கியதும், எல்லா வேலைக்கும் நடுவில் என்னைத் தேடி வந்தார். "மச்சான், பெங்களூர்ல அப்பாவப் பிளேனோட எடுத்தீகள்ல, அந்தப் படம் குடுங்க. பேனர் அடிக்கணும்." போனில் இருந்ததைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார்.

"இதுல அப்பா எங்க?"

காட்டினேன்.

"வேற இல்லையா?"

"எடுத்தேன். அழிக்கச் சொல்லிட்டாக. இதத்தான் மாட்டணும்னு சொன்னாக."

 "வர்றவுகெல்லாம் பூப் போடுவாக மச்சான். காலுக்கா போடச் சொல்றீக?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறவரிடம் சக்கரக் குழியைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. ஓய்வூதிய அட்டையில் இருந்த முகத்தை வெட்டி, ஒரு பைலட்டின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கக்கத்தில் ஹெல்மெட், மார்பு நிறைய பதக்கம். பின்னால் வானத்தில் சீறிப் பறக்கிற விமானங்கள், நம் படையில் எந்தக் காலத்திலும் இருந்திராத வெளிநாட்டு விமானங்கள். ஓரத்தில் புறாக்கள். அட்டைப் படத்தில் விழித்த அதே விழி. அண்ணனுக்கு வந்தது தனக்கு வரக் கூடாது என்று அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் வந்தவருக்கு அதுவே வந்துவிட்டது, கூடவே அவர் வாழ்நாளெல்லாம் மறுத்த பைலட் பதவியும்.

"பெரிய பைலட்டா இருந்தவரு. அலட்டிக்கவே மாட்டாரு" என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் என்று பேர் வைத்த அதே டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னது. "அவுக பைலட் இல்ல, சக்கரம் பாத்தவுக" என்றேன். "போனவரப் போயிக் கொறச்சுப் பேசாதீக பாய்" என்று என் தொடையைத் தட்டினார்.  ஃப்ளெக்ஸில் இருந்த அதே படத்தைச் சின்னதாக்கிச் சட்டம் போட்டு, சீரியல் பல்பு சுற்றி, வீட்டிலும் மாட்டினார்கள்.

மதுரையிலிருந்து வந்த பிரிண்ட், சுருட்டிய குழாயோடு என் கடை அலமாரியில் கிடந்தது. கேட்டவர் போய்விட்டார், கேட்க வேண்டிய மற்றவர்களுக்கும் வேண்டாம். ஆனால் அவர் ஒரு சுவரைக் கேட்டார் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் நானே சட்டம் போட்டு எங்கள் ஹாலில், மற்ற விமானங்களின் நடுவே மாட்டினேன். அம்மா தொழுதுவிட்டு வந்தவர் நேராக அதன் முன்னால் போய் நின்றார்.

"இதுல ஆளு இருக்கேப்பா."

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசித்து வைத்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். யாருடைய கால் என்று சொன்னேன். மாமா வீட்டுப் பொங்கலும் எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியும் இரண்டு தெருவுக்கும் நடுவே போய் வந்து பல வருஷம் ஆகிறது.

"மூஞ்சி இல்லைல்ல. இருக்கட்டும்" என்றார் அம்மா. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மனிதர் தொங்குவது அதுதான் முதல் தடவை.

அத்தை வெளியே வர ஆரம்பிக்கச் சில மாதம் ஆனது. தோட்டத்தில் முதல் வெட்டு முடிந்து, ஒரு கூடை பன்னீர்த் திராட்சையோடு அம்மாவைப் பார்க்க வந்தார். கூடையை வைத்துவிட்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தவர், விமானங்களை எல்லாம் சும்மா கடந்து வந்து, அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.  அத்தை விரலை நீட்டி, கண்ணாடிக்கு மேலேயே அந்தக் குதிகாலைத் தொட்டார்.

"வெடிப்புக்கு மருந்து போடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன். கடைசி வரைக்கும் போடல" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் கொஞ்சம் தணிந்த பிறகு, "இதே மாதிரி ஒண்ணு சட்டம் போட்டுத் தர்றேன் அத்தை, வீட்டுல மாட்டிக்கங்க" என்றேன்.

அத்தை யோசித்தார். "வேணாம் தம்பி. அங்கன ஒரு பைலட்டு இருக்காக. புள்ள ஆசையா மாட்டுனது, அது பாட்டுக்கு இருக்கட்டும். இவுக இங்கன இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கிறேன்."

அம்மா எழுந்து போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து, அந்தச் சுவரைப் பார்த்தாற்போல் போட்டார்.